அடியில் இருப்பவர்களின் கணக்கு

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கடலோர ஊர் ஒன்றுக்கு, வாய்மொழி வழக்காறுகள் திரட்டும் களப்பணிக்காக மாணவிகள் ஐந்து பேருடன் போயிருந்தேன். விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மணலில் கொட்டிய குவியலைச் சுற்றிப் பெண்கள் குனிந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் என் மாணவி ஒருத்தியின் அம்மா. பல வருடங்களாக வில்லியனூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர். குவியலை ஒருமுறை சுற்றிவந்து ஒரு விலை கேட்டார். வேறொருத்தி கூட்டிக் கேட்டதும் பேசாமல் ஒதுங்கிக்கொண்டார். நல்ல பெரிய மீன்களாகத்தானே கிடக்கின்றன, ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

“மேல கெடக்கறதப் பாத்துக் கேட்டா மொதலு போயிடும் டீச்சர். அடியில என்ன கெடக்குன்னு கணக்குப் போடணும். எந்த வலை, எவ்ளோ நேரம் கெடந்துது, கூடைய எப்படிச் சாய்ச்சாங்க, எல்லாத்தையும் பாக்கணும்.”

அதை ஒரு பழமொழியைப்போலக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அது ஒரு கணக்கு முறை என்பது சில வருடங்கள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

விளங்கவைத்தவள் அந்த அம்மாவின் மகள். விலங்கியல் படித்துக்கொண்டே என் தமிழ் வகுப்பிலும் இருந்தவள், பிறகு கடல் உயிரியலில் முதுகலை முடித்தாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து சொன்னாள்: திமிங்கலங்களையும் ஓங்கில்களையும் கணக்கெடுக்கும் கப்பல் பயணம் ஒன்றில் பார்வையாளராகப் போக வாய்ப்பு வந்திருக்கிறது. இருபது நாள். வீட்டில் ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. கரையில் நிற்கும் படகைப் பெண் தாண்டினாலே ஆகாது என்று நினைக்கும் தலைமுறை அது. “நீங்க வந்து ஆயாகிட்டப் பேசணும் மேடம்” என்றாள்.

எதைப் பேசுவது? கப்பலில் நின்று திமிங்கலத்தை எப்படி எண்ணுவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. ஊசுட்டேரியில் பறவை எண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கரையில் தொலைநோக்கியை நிறுத்தி, நீரில் மிதக்கும் கூட்டத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணுவார்கள். திமிங்கலமோ பெரும்பாலான நேரம் நீருக்கு அடியில் இருப்பது. அவகாசம் கேட்டு, படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பிலிருந்து வந்தது.

திமிங்கலங்களைப் பற்றிய முதல் பெரும் கணக்குகள் கொலைக் கணக்குகள். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கலங்கள் தொழில்முறையில் வேட்டையாடப்பட்டன. 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ் உருவான சர்வதேசத் திமிங்கல ஆணையம், கடலில் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்பதை நெடுங்காலம் வேட்டைக் கப்பல்கள் கொடுத்த புள்ளிவிவரங்களை வைத்தே யோசித்தது. கொன்றவர்கள் எழுதிய கணக்கில் பொய் இருக்கும். சோவியத் கப்பல்கள் பல ஆண்டுகளாகத் தவறான எண்ணிக்கையைக் கொடுத்துவந்தது 1990-களில்தான் வெளியே வந்தது. கொல்லாமல் எண்ண வேண்டும் என்ற நெருக்கடியில்தான், 1978–79 பருவத்தில் தென்துருவக் கடலில் மிங்க் திமிங்கலங்களைக் கண்ணால் பார்த்துக் கணக்கிடும் கப்பல் பயணங்களை ஆணையம் தொடங்கியது.

நம் கரையிலும் கணக்கு பிணத்திலிருந்துதான் தொடங்கியது. 1973 ஜனவரியில் மன்னார் வளைகுடாவில், திருச்செந்தூரை ஒட்டிய கரையில் பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கின. 147 என்று அறிவியலாளர்கள் பதிவு செய்தார்கள். 43 வருடம் கழித்து, 2016 ஜனவரியில், அதே வட்டாரத்தில் மறுபடியும் எண்பதை ஒட்டிய எண்ணிக்கையில் ஒதுங்கின. ஊர்க்காரர்கள் இரவெல்லாம் அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிடப் போராடினார்கள். பாதிக்கு மேல் இறந்தன. மணலில் கிடப்பதை எண்ணுவது எளிது. செத்துக் கரையேறும்போது பதிவேட்டில் ஏறிவிடலாம். உயிரோடு இருந்த காலம் எந்தப் பதிவிலும் இராது. பெண்களின் வரலாற்றைத் தேடிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. காவல் நிலையப் பதிவில், தற்கொலைச் செய்தியில், பிரேதப் பரிசோதனை அறிக்கையில் முதல்முறையாகப் பெயர் எழுதப்பட்ட பெண்கள் எத்தனை பேர்!

உயிரோடிருப்பதை எண்ணும் முறை இப்படி: கணக்கெடுக்க வேண்டிய கடல்பரப்பின் வரைபடத்தில் முன்கூட்டியே நேர்கோடுகளையோ வளைந்து திரும்பும் கோடுகளையோ போட்டுக்கொள்வார்கள். மீன் நிறைய இருக்கும் இடம், கடல் அமைதியாக இருக்கும் இடம் என்று தேர்ந்தெடுத்துப் போகக்கூடாது. கோடு எங்கே போகிறதோ அங்கேதான் கப்பலும் போக வேண்டும். உயரமான தளத்தில் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், நடுவில் குறிப்பெடுக்க ஒருவர் நிற்பார்கள். கண் சோர்ந்துவிடும் என்பதால் சிறிது நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வார்கள். சிலர் சாதாரண பைனாகுலர் வைத்திருப்பார்கள். பெரிய கப்பல்களில் 25 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், தாங்கியில் பொருத்திய இரட்டைக் கண்ணாடி இருக்கும்.

தூரத்தில் ஒரு மூச்சுப் பீய்ச்சல், ஒரு முதுகுத்துடுப்பு, பறவைகள் வட்டமிடும் ஓரிடம் தெரிந்தால் உடனே இரண்டு அளவுகளைக் குறிக்க வேண்டும்: கப்பல் போகும் திசையிலிருந்து அது எத்தனை பாகை விலகியிருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. கண்ணாடிக்குள் பொறித்திருக்கும் கோடுகளை வைத்து, தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று பார்த்தால் தூரம் கிடைத்துவிடும். கோணமும் தூரமும் இருந்தால், கப்பலின் பாதையிலிருந்து அது செங்குத்தாக எவ்வளவு தள்ளியிருந்தது என்பதைப் பள்ளிக்கூட முக்கோணவியலே சொல்லிவிடும். பிறகு இனம், கூட்டத்தில் எத்தனை, குட்டி உண்டா என்று எழுத வேண்டும். காற்று எப்படி, அலை எப்படி என்பதையும் எழுத வேண்டும். அலைநுனியில் வெள்ளை நுரை பரவிவிட்டால் சின்ன ஓங்கிலின் முதுகு அதில் மறைந்துபோகும். எதையும் பார்க்காத மணி நேரங்களையும் கட்டாயம் எழுதியாக வேண்டும். பார்த்ததை மட்டும் எழுதினால் அது கதை. பார்க்காததையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு.

இதன் சூட்சுமம் எனக்குப் பிடித்துப்போனது. பாதைக்கு அருகே நிறையத் தென்படும். தள்ளிப் போகப் போகக் குறையும். கடலில் உயிர்கள் குறைவதால் இப்படி ஆவதில்லை. நம் பார்வைதான் குறைகிறது. அந்தக் குறைவின் வடிவத்தை வைத்தே, நாம் எவ்வளவைத் தவறவிட்டோம் என்று மதிப்பிடலாம். ஒரு கற்பனைக் கணக்கு: கப்பல் 1,000 கிலோமீட்டர் போகிறது. பக்கத்துக்கு இரண்டு கிலோமீட்டர் வரை பார்த்ததற்குச் சமம் என்று தெரிகிறது. ஆக 4,000 சதுர கிலோமீட்டர். அதில் 40 கூட்டம், கூட்டத்துக்குச் சராசரி 10 என்றால் 400 ஓங்கில். மொத்தக் கடல்பரப்பு ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர் என்றால் 10,000 என்று வரும்.

ஆனால் இதோடு முடியாது. கப்பலின் நேர்ப்பாதையில் இருந்தவை எல்லாம் கண்ணில் பட்டன என்ற நம்பிக்கையின் மேல் நிற்கும் கணக்கு இது. எண்ணெய்த் திமிங்கலம் முக்கால் மணி நேரம் சாதாரணமாக முங்கியிருக்கும். பத்து நாட் வேகத்தில் போகும் கப்பல் அதற்குள் 14 கிலோமீட்டர் கடந்துவிடும். அலகுத் திமிங்கலம் ஒன்று மூன்று மணி 42 நிமிடம் முங்கியிருந்தது பதிவாகியிருக்கிறது. அது இருக்கும் இடத்துக்கு நேர் மேலேயே கப்பல் போகலாம். கடல் வெறுமையாக இருந்தது என்று குறிப்பேடு சொல்லும்.

அதனால் தவறவிடுதலை இரண்டாகப் பிரிக்கிறார்கள். அங்கே இருந்தும் மேலே வராதது ஒன்று. மேலே வந்தும் பார்ப்பவர் கண்ணில் படாதது இன்னொன்று. இரண்டாவதைச் சரிசெய்ய ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே கப்பலில் இரண்டு குழு, வெவ்வேறு தளங்களில், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் பார்க்கும். இரண்டாம் குழு பார்த்த இருபதில் பதினைந்தைத்தான் முதல் குழு பார்த்திருக்கிறது என்றால், முதல் குழு நாலில் ஒன்றைத் தவறவிடுகிறது. நம் 10,000 இப்போது 13,300-ஐத் தாண்டும். முதல் குழுவை யாரும் குற்றவாளியாக்குவதில்லை. தவறவிடுவது எந்தக் கண்ணுக்கும் உள்ள இயல்பு. தவறவிட்டதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் பிழை.

என் முனைவர் பட்ட ஆய்வு நெய்தல் நிலப் பெண்களைப் பற்றியது. சங்கப் பாடல்களில் அவர்கள் உலரும் மீனைப் பறவைகளிடமிருந்து காக்கிறார்கள். உப்பு விற்கத் தெருத்தெருவாகப் போகிறார்கள். பிற்கால ஆவணங்களில் அவர்களைத் தேடியபோது எனக்குக் கிடைத்தவை படகுக்கு உரிய ஆணின் பெயரும் வலைக்கு உரிய ஆணின் பெயரும்தான். ‘பெண்களைப் பற்றிய சான்றுகள் இல்லை’ என்று என் ஆய்வேட்டில் ஓரிடத்தில் எழுதினேன். இன்று அந்த வரியை வாசிக்கக் கூச்சமாக இருக்கிறது. சான்று இல்லை என்றா எழுதியிருக்க வேண்டும்? எந்தத் தளத்தில் நின்று பார்த்தேன், எவ்வளவு நேரம், எந்தத் திசையில் பார்த்தேன் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்!

பார்க்கும் தளத்தில் நிற்கவே பெண்களுக்கு அனுமதி இல்லாத காலம் நீண்டது. 1949-இல் ரேச்சல் கார்சன் அமெரிக்க மீன்-வனவிலங்குத் துறையின் ஆய்வுக்கப்பலான மூன்றாம் ஆல்பட்ராஸில் ஏற விரும்பினார். அவர் அந்தத் துறையிலேயே வேலை செய்தவர். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரு பெண்ணா என்ற தயக்கம் எழுந்தது. இரண்டு பெண்கள் என்றால் போகலாம் என்று முடிவானதால், தோழியும் இலக்கிய முகவருமான மேரி ரோடெல்லைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். கடலைப் பற்றி உலகம் வாசித்த நூல்களை எழுதியவருக்கே துணை தேவைப்பட்டது. 1956-இல் ராபர்ட்டா ஐக் என்ற மாணவி, பெண் என்பதால் ஏற்ற மறுத்த வுட்ஸ் ஹோல் நிறுவனத்தின் கப்பலில் ஒளிந்து ஏறினார். கண்டுபிடிக்கப்பட்டுத் தன் ஆய்வு உதவித்தொகையை இழந்தார். ‘பெண்களுக்குக் கழிவறை வசதி இல்லை’ என்பது அன்று பல நாடுகளிலும் சொல்லப்பட்ட காரணம். திமிங்கலத்தைக் கண்டுபிடிக்கும் கப்பலைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் வைக்கத் தெரியாமல் போனதை என்னவென்று சொல்ல!

நம் நாட்டிலிருந்து கடலியலாளர் அதிதி பந்த்தும் நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தாவும் 1983-இல் புறப்பட்ட மூன்றாவது அண்டார்க்டிகா பயணத்தில் போனார்கள். இலங்கையின் ஆஷா டி வோஸ் 2003-இல் ‘ஒடிசி’ என்ற ஆய்வுக்கப்பலுக்கு விடாமல் எழுதி இடம்பிடித்தார். கிடைத்தது தளத்தில் எடுபிடி வேலை. அந்தப் பயணத்தில்தான் நீலத் திமிங்கலங்கள் ஒன்றுகூடிய இடத்தில் அவற்றின் சிவந்த கழிவு மிதப்பதைப் பார்த்தார். குளிர்ந்த கடலுக்குப் போய்த்தான் இரைதேடும் என்று நினைத்திருந்த இனம், நம் வெப்பக் கடலிலேயே உண்டு வாழ்கிறது என்ற அவருடைய நெடுநாள் ஆய்வுக்கு அதுதான் தொடக்கம். ஒடிசாவின் சிலிகா ஏரியில் ஐராவதி ஓங்கில்களை, முதுகுத்துடுப்பின் தழும்புகளை ஒளிப்படத்தில் அடையாளம் கண்டு கணக்கிட்டவர் தீபானி சுதாரியா.

1979-இல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் இந்தியப் பெருங்கடலைச் சரணாலயமாக அறிவித்தது. வேட்டை நின்ற கடலில் என்ன இருக்கிறது என்று பார்க்க, 1982 முதல் 1984 வரை ‘துலிப்’ என்ற சிறிய பாய்மரப் படகில் ஆய்வாளர்கள் சுற்றினார்கள். திருகோணமலைக் கடலில் எண்ணெய்த் திமிங்கலங்களின் ‘கிளிக்’ ஒலியை நீருக்கடியில் கேட்டுப் பின்தொடர்ந்தார்கள். பிறகு அந்தக் கரையில் போர் வந்தது.

இந்தியாவில் 2003 முதல் 2007 வரை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் ‘சாகர் சம்பதா’ கப்பலில் 35 பயணங்களில் கண்காணித்தார்கள். ஐயாயிரம் மணி நேரத்துக்கு மேல் பார்த்ததில் 473 முறை திமிங்கலமோ ஓங்கிலோ தென்பட்டன. ஆனால் அந்தக் கப்பல் வேறு ஆய்வுகளுக்காகப் போனது. பார்வையாளர்கள் அதில் ஒட்டிக்கொண்டு போனவர்கள். தங்களுக்கான கோட்டில் கப்பலைச் செலுத்தச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. எனவே எங்கே எது தென்பட்டது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. மொத்தம் எத்தனை என்று சொல்வது அந்தப் பயணங்களின் வேலையாக இருக்கவில்லை.

கணக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் தென்கரை சாட்சி. 2014, 2015-இல் அங்கே கப்பல் தடத்தைக் குறுக்கே கடந்து கடந்து எண்ணியபோது, நீலத் திமிங்கலங்கள் மிக அடர்த்தியாக இருக்கும் இடமும் சரக்குக் கப்பல்கள் நெரியும் இடமும் ஒன்றே என்று தெரிந்தது. தடத்தை 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 விழுக்காடு குறையும் என்று அந்த ஆய்வு கூறியது. 2022-இல் பெரிய கப்பல் நிறுவனம் ஒன்று தன் கப்பல்களைத் தெற்கே தள்ளிக்கொண்டது.

நம் ஆறுகளிலும் கணக்கு முடிந்திருக்கிறது. எட்டு மாநிலங்களில் 28 ஆறுகளில் படகில் போய் எண்ணி, 6,327 ஆற்று ஓங்கில்கள் என்று 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பில் உழைப்பின் அளவை 3,150 ‘மேன் டேஸ்’ என்று போட்டிருந்தார்கள். அந்தப் படகுகளில் எத்தனை பெண்கள் நின்றார்கள் என்பது அந்தச் சொல்லுக்கு அடியில் போய்விட்டது.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவியின் வீட்டுக்குப் போனேன். ஆயா திண்ணையில் இருந்தார். நான் திமிங்கலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என் குறிப்புகளில் இல்லை.

“எண்ணி முடிச்சிட்டு, இங்க வலை போடாதேன்னு சொல்லுவானுங்களா?”

பொய் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவுக்குக் கடல் உணவு விற்க வேண்டுமென்றால், வலையில் சிக்கிச் சாகும் ஓங்கில்களைப் பற்றிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2016-இல் அந்த நாடு விதி போட்டது. அதையொட்டித்தான் கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் நிதியில் இங்கேயும் கணக்கெடுப்பு வேகம்பிடித்தது. ஓங்கிலின் மேல் வந்த அக்கறையோடு சந்தையின் கட்டாயமும் சேர்ந்துதான் கப்பல் புறப்படுகிறது. சந்தை மூடினால் பாக் நீரிணைக் கரையில் நண்டுச் சதை பிரிக்கும் பெண்களின் கூலி முதலில் நிற்கும். கணக்கு வந்தால் வலைக்குக் கட்டுப்பாடும் வரலாம். இரண்டையும் சொன்னேன்.

மாணவியின் அம்மா அதுவரை வாசலில் கூடை கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: “தடைக்காலம் அறுபத்தோரு நாளு. படகு நிக்குது, வலை நிக்குதுன்னு எழுதுறாங்க. என் கூடை நிக்கறத எவன் எழுதுறான்? எண்ற எடத்துல நம்ம வூட்டுப் பொண்ணு ஒருத்தி நிக்கட்டுமே.”

மீனவர் கணக்கெடுப்பில் மீன் விற்பதும் கருவாடு போடுவதும் ‘துணைத் தொழில்’ என்ற தலைப்பில் வரும். அது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சரியான இடத்தில் கைவைத்தார். ஆயா வெகுநேரம் பேசவில்லை. பிறகு பேத்தியிடம், “படுக்கற ரூமுக்கு உள்தாப்பா இருக்கான்னு கேட்டுக்க” என்றார். ராபர்ட்டா ஐக் காலத்துக் கேள்வி, இந்த முறை ஒரு பெண்ணின் வாயிலிருந்து, ஒரு பெண்ணை அனுப்பிவைப்பதற்காக வந்தது.

அவள் போனாள். முதல் ஆறு நாள் எதுவும் தென்படவில்லையாம். ஒவ்வொரு மணிக்கும் பூஜ்யம் எழுதினேன் என்று திரும்பி வந்ததும் சொன்னாள். ஏழாம் நாள் தொலைவில் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு கூட்டம். கப்பல் அருகே வந்து அலைமுனையில் விளையாடிய ஓங்கில்களை, அவை வருவதற்கு முன்பே, தூரத்தில் இருந்தபோதே குறித்துவிட வேண்டுமாம். நம்மைத் தேடி வந்தவற்றை எண்ணினால் கணக்கு கூடிவிடும்.

அடுத்த வாரம் வில்லியனூர் மார்க்கெட்டில் அவளுடைய அம்மாவின் பலகைக்கு முன்னால் நாங்கள் மூவரும் நின்றோம். “மொத்தம் எத்தினிடி பாத்த?” என்று அம்மா கேட்டார்.

“பதினோரு கூட்டம்மா. இருக்கறது எத்தினின்னு இனிமேதான் கணக்குப் போடணும்.”

அம்மா ஒரு சங்கரா மீனைத் தூக்கி எடை பார்த்துத் தட்டில் வைத்தார். “போடு, போடு. அடியில இருக்கறத வுட்றாத” என்றார்.